கடைசியாகக் கிடைத்த இடம்

ஜூன் 4

அன்புள்ள ஆந்தைக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிறாயா? கேட்டு வைக்கிறேனே தவிர, பதில் எனக்கே தெரியும். ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கிடப்பாய் என்றுதானே உன் அண்ணன் உனக்கு அந்தப் பெயரை வைத்தார்.

இந்தக் காலத்தில் நாத்தனாருக்குத் தாளில் கடிதம் எழுதும் அண்ணி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆராய்ச்சி நிலையத்துக்கு ஏறுமுன் மலையடிவாரத்திலேயே உன் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றதும் உன் அண்ணன், "ஜெயில்லகூட வாரத்துக்கு ஒரு போன் உண்டு" என்று குதித்தார். அவசரத்துக்கு உங்கள் தலைவர் அறையில் ஒரு டெலிபோன் இருக்கிறதே என்று சொல்லி அடக்கினேன்.

நீ கொடுத்துவிட்டுப் போன மஞ்சள் பெட்டி அவருடைய படகில்தான் இருக்கிறது. நடுக்கடலில் யாருடைய எஞ்சின் மக்கர் செய்தாலும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், கூடவே பெட்டியும் போகிறது. துறைமுகத்துக் கன்ட்ரோல் ரூமில் வயர்லெஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு, திரையில் அவர் ஒரு புள்ளியாகத் தெரிகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிவது இதுதான் முதல் தடவை.

நலம், வருகிறேன், உதவி என்று மூன்றே பொத்தான் வைத்தாயே, அது உன் புத்திசாலித்தனம். நாலாவது இருந்தால் உன் அண்ணன் திணறிப்போவார். இப்போதே பசி எடுத்தால் 'நலம்' பொத்தானை ஏழெட்டுத் தடவை அமுக்குகிறார். சாப்பாட்டை எடுத்து வை, வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தமாம். நானும் எடுத்து வைக்கிறேன்.

அவருக்கு இரண்டு புகார். படகைக் கரையில் கட்டிப் போட்டிருந்தாலும் புள்ளி நடுங்கிக்கொண்டே இருக்கிறதாம், பெட்டி கெட்டுவிட்டதா? இன்னொன்று, சில நாள் சாயங்காலத்தில் புள்ளியே காணாமல் போகிறது. "திரை காலியாப் போனா நீ பயந்துடுவ. கடைசியா எங்க இருந்தேனோ அதையாவது காட்டச் சொல்லு அவகிட்ட" என்று தினமும் என் உயிரை வாங்குகிறார். பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூக்கத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? அந்தப் பழைய நாற்காலியை மாற்றச் சொல்லி அதிகாரியிடம் கேட்டீர்களா?

ஜெயில் இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள். செயற்கைக்கோள்களிலிருந்து இங்கே வந்து சேரும் சிக்னல் அவ்வளவு மெலிசு. பக்கத்தில் ஒரு செல்போன் இருந்தால் போதும், அதன் சத்தத்தில் இது காணாமல் போய்விடும். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்புகூட வைக்க விடமாட்டார்கள். அப்படிப்பட்ட அமைதியில் உட்கார்ந்து, நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்: சூரியன் மறைந்ததும் சில நாள் சிக்னல் ஏன் தள்ளாடுகிறது?

அண்ணனின் இரண்டாவது புகாருக்கும் அதுதான் காரணம். வானத்தின் மேல்தட்டில் ஒரு கொந்தளிப்பு வரும். அதைத் தாண்டி வருவதற்குள் சிக்னல் குலைந்துவிடும், பெட்டியும் கையை விரித்துவிடும். ஆனால் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை உங்கள் திரைக்கு அனுப்புவது வேறு வேலை. இரண்டுக்கும் வேறு வேறு செயற்கைக்கோள். முதல் வேலை நின்றாலும் இரண்டாவது பெரும்பாலும் நடந்துவிடும். அதனால் அண்ணன் கேட்டபடியே செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன், பெட்டியின் பின்பக்கம் பழையதை எடுத்துவிட்டு இதைச் செருகச் சொல்லுங்கள். இனி இடம் கிடைக்காத நேரத்தில் கடைசியாகக் கிடைத்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், திரை காலியாகாது. இங்கே எல்லோருக்கும் இந்த யோசனை பிடித்துப்போனதால், எங்கள் ஆராய்ச்சிப் பெட்டிகளிலும் இதையே வைத்துவிட்டோம். அண்ணனிடம் இருப்பது மட்டும் கணக்கில் வராத பெட்டி. உடைசல் என்று ஒதுக்கியதை நான் சரிசெய்தது. தலைவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் புகாருக்குப் பதில்: பெட்டி கெடவில்லை. நிஜமான புள்ளி அப்படித்தான் ஆடும். படகைப் பாறையில் கட்டினாலும் ஆடும். துளியும் ஆடாமல் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். அண்ணனுக்கு ஒரே இடத்தில் உட்காரத் தெரியாது என்று உங்களுக்குத்தான் தெரியுமே, புள்ளிக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இருவருக்கும் என் அன்பு.
ஆந்தை

ஜூலை 2

அன்புள்ள ஆந்தைக்கு,

இருவரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நாற்காலி மாறவில்லை, முதுகுவலியும் மாறவில்லை.

அட்டையைச் செருகியாயிற்று. நேற்று சாயங்காலம் புள்ளி மறையாமல் நின்றது. உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்தில் போகிற வருகிறவனையெல்லாம் நிறுத்தி, "என் தங்கச்சி செஞ்சது. நான் சொன்னேன், அவ செஞ்சா" என்று காட்டுகிறார். பாதிப் பெருமை உனக்கு, பாதிப் பெருமை தனக்கு. எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

புள்ளி ஆடுவதைப் பற்றி நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். உட்காரத் தெரியாது என்ற வரியில் அவருக்கு ரோஷம் வந்து, ஒரு முழு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து காட்டினார். பிறகு மூக்கு அரித்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

ஒரு விஷயம் அவர் எழுதச் சொன்னார். அத்தை இறந்தபோது நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, இரண்டு வருஷம் ஜன்னலோரமே கதியென்று கிடந்தாயே, அதை அவர் இன்னும் மறக்கவில்லை. உன்னை மறுபடி கொண்டுபோய்ச் சேர்க்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். "இந்தத் தடவ எது வந்தாலும் பாதியில எறங்கி வரக் கூடாதுன்னு எழுது. அழுத்தி எழுது" என்றார். அழுத்தி எழுதியிருக்கிறேன், பேனா தாளைக் கிழித்துவிட்டது பார்.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 24

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்!

நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதல் ரிசீவரின் கோடு லேசாக நடுங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு பார்த்தால் எல்லாக் கோடும் வெறி பிடித்த மாதிரி ஆடி, ஒவ்வொன்றாக அறுந்து போயிற்று. இவ்வளவு பெரிய கொந்தளிப்பு இங்கே யாரும் பதிவு செய்ததே இல்லை. நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன். எப்போதும் உர்ரென்று இருக்கும் தலைவர் தன் அலமாரியிலிருந்து சாக்லேட் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். நள்ளிரவு வரை அடங்கவில்லை, வானமும் நாங்களும்.

அண்ணா, நீ சொல்வாயே, "வானத்துல என்னடி இருக்கு, காலியாத்தான கெடக்கு" என்று. நேற்று முன்தினம் வந்து பார்த்திருக்க வேண்டும். இந்த ஒரு சாயங்காலப் பதிவை வைத்தே என் ஆராய்ச்சியை முடித்துவிடலாம் என்கிறார் தலைவர்.

அன்றைக்கு உங்கள் பக்கத்திலும் பெட்டி தடுமாறியதா? புது அட்டை சமாளித்ததா? எழுதுங்கள். மழை பிடித்துக்கொண்டுவிட்டது, மலைப்பாதையில் மண் சரிந்து மூடிவிடும் என்கிறார்கள். அப்புறம் தபால் மட்டும்தான் ஆள் தலைச்சுமையாக வருமாம். சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஆனந்தத்துடன்,
உங்கள் ஆந்தை

ஆகஸ்ட் 29

அன்புள்ள ஆந்தைக்கு,

உன் கடிதம் வந்தது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மழையில் நனையாதே.

நீ எழுதியதைப் படித்தேன். நீ சந்தோஷப்பட்டது நல்லது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். உன் அண்ணன் நலம்.

பெட்டி இப்போது வீட்டில் இருக்கிறது. இங்கேயும் மழைதான். படகுகள் அதிகம் போவதில்லை.

பாதை மூடியிருப்பதாகச் சொன்னார்கள். திறந்தாலும் நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். முடித்துவிட்டே வா.

அண்ணி

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? ஒரு மாதத்துக்கு மேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தால், தந்தி மாதிரி எட்டு வரி! முதுகுவலி முற்றிவிட்டதா? இல்லை, அண்ணனும் நீங்களும் சண்டையா? சண்டையென்றால் சொல்லுங்கள், நான் எப்போதும் உங்கள் கட்சி.

பெட்டி ஏன் வீட்டில் கிடக்கிறது? அண்ணன் ஏன் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரிகூடக் கிறுக்கவில்லை? என்னுடைய பெரிய செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவர் கிண்டல் செய்வார் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன் தெரியுமா?

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. தபால் சுமக்கும் அம்மா கம்பளிக் காலுறை பின்னி விற்கிறாள். அண்ணனுக்கு ஒரு ஜோடி வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஈரக் காலோடு எஞ்சின் அறையில் நிற்கும் மனுஷனுக்கு உபயோகப்படும். போட்டுப் பார்த்துவிட்டு அளவு சரியா என்று எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆந்தை

அக்டோபர் 3

அன்புள்ள ஆந்தைக்கு,

நீ சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. காலுறை வந்தது. நல்ல வெதுவெதுப்பு. அளவைப் பற்றிக் குறை இல்லை.

படகைக் கரையில் ஏற்றியாகிவிட்டது, அதனால்தான் பெட்டி வீட்டில். உன் அண்ணன் நலம். எனக்கும் வேலை அதிகம். கன்ட்ரோல் ரூமில் என்னைப் பகல் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். நாற்காலியும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

நீ நன்றாகச் சாப்பிடு.

அண்ணி

நவம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். கடைசியில் நாற்காலி மாறியதே, அதைக் கொண்டாட வேண்டாமா?

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. எங்கள் பெட்டியை அரசாங்கக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது! பாதை திறந்ததும் மூன்று பெரியவர்கள் மேலே வந்து இரண்டு நாள் தங்கிக் குடைந்தெடுத்தார்கள். கடற்கரை முழுக்க எல்லாச் சின்னப் படகுக்கும் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள். ஜனவரியில் ஆரம்பம். அவர்களுக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? திரை காலியாகாமல் கடைசி இடத்தையே காட்டுகிறதே, அதுதான். "படகுக்காரங்க மனசு தெரிஞ்சு செஞ்சிருக்கீங்க" என்றார் ஒருவர். படகுக்கார மனசு என்னுடையது இல்லை சார், என் அண்ணனுடையது என்று வாய்வரை வந்தது. கணக்கில் வராத பெட்டி ஞாபகம் வந்து விழுங்கிவிட்டேன்.

அண்ணன் இப்போதாவது ஒரு வரி எழுத வேண்டும். திட்டியாவது எழுதட்டும். இது அவருடைய யோசனை, அவருடைய பெட்டி. சொல்லிவிடுங்கள், எழுதாவிட்டால் காலுறையைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
ஆந்தை

நவம்பர் 18

அன்புள்ள ஆந்தைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்குக் கிடைத்த பெயருக்குச் சந்தோஷம். உடம்பைக் கவனித்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். கடைசி இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது என்றாயே. திரையில் பார்ப்பவருக்கு அது பழைய இடம் என்று எப்படித் தெரியும்? புள்ளி ஆடாது என்று உனக்குத் தெரியும். கன்ட்ரோல் ரூமில் இருக்கும் ஒருத்திக்கு, பதற்றத்தில், அந்த ஞாபகம் வருமா? படகு காற்றில் வேறெங்கோ போயிருந்தால்? அதைச் சரிசெய்யாமல் ஜனவரியில் யாருக்கும் கொடுக்காதே. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கேட்காதே. கொடுக்காதே.

உன் அண்ணன் நலம். வேலை அதிகம்.

அண்ணி

நவம்பர் 27

அண்ணி,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. மூன்று பெரியவர்களுக்குத் தோன்றாதது இவருக்கு எங்கிருந்து தோன்றியது என்று. பிறகு மறுபடி படித்தேன். ஆமாம், பார்ப்பவருக்குத் தெரியாது. நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் புள்ளி ஆடுவதைப் பார்த்தே பழகியவர்கள், ஆடாத புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் எங்களுக்கு உறைத்துவிடும். உலகத்தில் எல்லோருக்கும் உறைக்கும் என்று நினைத்துவிட்டோம்.

ஆனால் இது யோசித்துக் கேட்கிற கேள்வி இல்லை அண்ணி. பட்டவர்கள் கேட்கிற கேள்வி.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துக் கட்டில்மேல் வரிசையாக வைத்தேன். ஜூலை வரைக்கும் அண்ணன் குதிக்கிறார், ரோஷப்படுகிறார், மூக்கு அரிக்கிறது. அதற்கப்புறம் மூன்று கடிதம். மூன்றிலும் "உன் அண்ணன் நலம்." ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அவருக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. என்னைத் திட்டவில்லை.

துளியும் ஆடாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும் என்று உங்களுக்கு எழுதியவளே நான்தான். எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

தலைவர் அறை டெலிபோன்வரை போனேன். எடுக்கக் கை வரவில்லை. எழுதிவிடுங்கள். என் அண்ணன் எங்கே?

ஆந்தை

டிசம்பர் 5

என் கண்ணே,

உன் அண்ணன் இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று இத்தனை மாதம் நினைத்து நினைத்துப் பார்த்தேன், கடைசியில் மூன்றே சொல்தான். உட்கார்ந்துகொள். தண்ணீர் குடி. மீதியைச் சொல்கிறேன்.

நீ நாற்காலிமேல் ஏறி நின்ற அதே செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒரு படகு எஞ்சின் நின்று வெளிக்கடலில் மாட்டிக்கொண்டது. உன் அண்ணன் போனார், சரிசெய்தார், அவர்களை முன்னால் அனுப்பிவிட்டார். திரும்பும்போது காற்று மாறியது. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் என் திரையில் 'உதவி' வந்தது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன், பதில் இல்லை. படகில் தண்ணீர் ஏறி வயர்லெஸ் செத்திருக்கிறது. பெட்டி மட்டும் பேசியது.

இடம் திரையில் தெளிவாக இருந்தது. நான்தான் அதைப் படித்தேன். என் வாயால், ஒவ்வொரு படகுக்கும், திரும்பத் திரும்ப. அத்தனை படகும் அங்கே போயின. ஒன்றும் இல்லை என்றார்கள். மறுபடி பார்த்தேன், புள்ளி அதே இடத்தில் அப்படியே நின்றது. அதிகாரி, "அலையில அடிச்சிட்டுப் போயிருப்பாரோ?" என்றார். நான் சொன்னேன்: "இல்ல சார், பாருங்க, அசையவே இல்ல. நங்கூரம் போட்டு நிக்கிறார். அங்கயேதான் இருக்கார், நல்லாத் தேடச் சொல்லுங்க."

நீ எழுதியிருந்தாய். நான் அதை அவருக்குப் படித்துக் காட்டிச் சிரித்தும் இருந்தேன். அந்த நேரத்தில் ஒரு எழுத்துக்கூட ஞாபகம் வரவில்லை. புள்ளி நடுங்காமல் நிற்பதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது, ஆந்தை. அதை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விடிந்ததும் கலங்கரை விளக்கத்துப் பாறைப் பக்கம் கிடைத்தார். காற்று அவரை வீட்டுப் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கன்ட்ரோல் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். எல்லாப் படகையும் நான் எதிர்ப்பக்கம் அனுப்பியிருந்தேன்.

உனக்குச் சொல்ல அடுத்த நாளே உங்கள் தலைவர் அறைக்குப் போன் போட்டேன். "ஹலோ" என்றார். வைத்துவிட்டேன். இரண்டொரு நாளில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது, சொன்னால் அந்த மழையில் நடந்தே இறங்கிவிடுவாய். பாதியில் வரக் கூடாது என்பது அவர் வார்த்தை. அப்புறம் உன் சந்தோஷக் கடிதம் வந்தது. அதே நாள், அதே நேரம். அதைப் படித்தபின் எப்படிச் சொல்வேன்? இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். நிஜத்தைச் சொன்னால், நீ ஒரே கேள்வி கேட்பாய் என்று பயந்தேன்: "புள்ளி ஆடியதா அண்ணி?"

நீ எல்லாப் படகுக்கும் கொடுக்கப் போவதாக எழுதாமல் இருந்திருந்தால், இன்னும் எத்தனை நாள் மறைத்திருப்பேனோ. கரையில் இன்னொருத்தி உட்கார்ந்து ஆடாத புள்ளியைப் பார்த்து ஆறுதல்படக் கூடாது.

இன்னொன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. 'உதவி' இரண்டு தடவைதான் வந்தது. அதற்கப்புறம் ராத்திரி, வெகுநேரம் கழித்து, 'நலம்' வந்தது. மறுபடி 'நலம்'. ஏழெட்டுத் தடவை. திரைக்கு முன்னால் நான்தான் உட்கார்ந்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

அதனால் 'உன் அண்ணன் நலம்' என்று நான் எழுதியது என் சொந்தப் பொய் இல்லை. அவர் கடைசியாகச் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் காலுறையை நான் போட்டுக்கொள்கிறேன். எனக்குப் பெரிது.

அண்ணி

டிசம்பர் 14

அண்ணி,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்றும் தெரியவில்லை. இனிமேல் தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம்.

என் மேஜைக்கு மேலே அந்தச் செவ்வாய்க்கிழமையின் வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் காபி குடித்தேன். கழற்றிக் கீழே வைத்தேன், பிறகு மறுபடி எடுத்து விரித்தேன். கோடுகள் அறுந்துபோகிற அந்த இடத்தில் என் அண்ணன் தண்ணீரில் இருந்தார். நான் சாக்லேட் தின்றுகொண்டிருந்தேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். செத்துப்போன மனுஷனுக்குக் காலுறை வாங்கி அனுப்ப வைத்துவிட்டீர்கள். நானும் கூட இருந்து அழுதிருக்க வேண்டிய நாளையெல்லாம் நீங்கள் ஒருத்தியே எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் புள்ளியை நம்பினேன் என்று உங்களையே அறுத்துக்கொள்கிறீர்களே, அதை மட்டும் விடுங்கள். அதை ஆடாமல் நிற்க வைத்தவள் நான். நிற்க வைக்கச் சொன்னவர் அவர். திரை காலியானால் நாம் பயப்படுவோமே என்றுதான் மூன்று பேரும் செய்தோம். யாரைத் திட்டுவது அண்ணி? நானும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், ஆள் கிடைக்கவில்லை.

தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கணக்கில் வராத பெட்டி உட்பட. பிறகு ஜனவரி வேலையை நிறுத்தச் சொல்லிக் குழுவுக்கு அவரே போன் செய்தார். பெட்டியின் நிரலை மாற்றி எழுதிவிட்டேன். இனி இடம் கிடைக்காவிட்டால் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் 'இடம் தெரியவில்லை' என்று வரும். கடைசியாகக் கிடைத்த இடம் அதற்குக் கீழே, அது எவ்வளவு பழசு என்ற நேரத்தோடு இருக்கும். குழுவில் ஒருவர், "கரையில இருக்கறவங்க பயந்துடுவாங்களேம்மா" என்றார். "பயப்படட்டும் சார். பயந்தாத்தான் நாலு பக்கமும் தேடுவாங்க" என்றேன். மீதியைத் தலைவர்தான் பேசி முடித்தார்.

சனிக்கிழமை வண்டியில் இறங்குகிறேன். பாதியில் இல்லை. முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். இதைச் சொல்ல வேண்டிய ஆள் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

அடிவாரத்தில் என் போனைத் திருப்பிக் கொடுப்பார்கள். கூப்பிட்டால் எடுங்கள். நலமா என்று மட்டும் நீங்களும் கேட்காதீர்கள், நானும் கேட்க மாட்டேன். அந்தச் சொல் அவரிடமே இருக்கட்டும்.

சாப்பாட்டை எடுத்து வையுங்கள் அண்ணி. எவ்வளவு நேரமானாலும் எடுத்து வையுங்கள். நான் வந்துவிடுவேன்.

ஆந்தை